சிம்போசியத்துக்கு முன்னிலை யாரு?

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து எனக்குத் தெரிந்த தொழில்தான். ஆனால் மற்றவர்கள் எழுதியதை ஈய எழுத்தில் கோத்துக் கொடுத்ததோடு சரி. சொந்தமாக எழுதியது என்று பார்த்தால், சைக்கிள் களவு போனதற்குப் பொலிஸில் கொடுத்த முறைப்பாடு ஒன்றுதான். அதையும் திருப்பி எழுதச் சொன்னார்கள். பத்தாம் வகுப்பு சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவன், நாலு பேர் கூடிய இடத்தில் சலாம் சொல்லவே நாக்குத் தடுக்குகிறவன், கட்டுரை எழுத வந்தது பெரிய பிழைதான். பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் என்னைப் பற்றி ஒரு பகிடி இருக்கிறது. அதில் பாதிதான் வீட்டாருக்குத் தெரியும். மற்றப் பாதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை பார்த்தேன். கலியாணக் காட், மரண அறிவித்தல், கூட்ட நோட்டீஸ் இவைதான் எங்கள் இலக்கியம். ஆங்கில டைப்ரைட்டர் ஒன்றும் இருந்தது. விண்ணப்பம், சத்தியக் கடதாசி என்று வருகிறவர்களுக்கு நான்தான் அடித்துக் கொடுப்பேன். அடிப்பதில் முக்கால்வாசி எனக்கு விளங்காது. ஆனால் ஓர் எழுத்துப் பிழை வராது. (விளங்காதவன்தான் பிழையில்லாமல் அடிப்பான், விளங்கினவன் யோசிப்பான் என்பது முதலாளியின் கொள்கை.)

நோட்டீஸ் கோக்கிறவனுக்கு நாளடைவில் ஒரு ஞானம் வந்துவிடும். எங்கள் பக்கத்தில் கூட்டம் வைப்பது பேசுவதற்காக அல்ல, பெயர் போடுவதற்காக. தொடக்கத்தில் குர்ஆன் கிராஅத் ஓதுகிறவர், தலைமை, முன்னிலை, வரவேற்புரை, விசேட அதிதி, நன்றியுரை என்று ஆளுக்கொரு படி உண்டு. இதில் முன்னிலை என்றால் முன்வரிசைக் கதிரையில் இருப்பது. வேறு வேலையே கிடையாது. அதனால்தான் அதற்கு அவ்வளவு போட்டி. ஒருமுறை ஒரு கலியாணக் காட்டில் பெண்ணின் பெரிய மாமாவின் பெயர் விடுபட்டுவிட்டது. அவர் கலியாணத்துக்கு வராததோடு, தொழப் போகும் பள்ளியையும் மாற்றிக்கொண்டார். (கோத்தது அடியேன்தான்.) அதே போல ஒருவர் வந்து, “என்ட பேரப் போட வேணாம் தம்பி” என்று சொன்னால், அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடவேண்டும் என்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அதை ஒரு வழக்கம் என்றுகூட அப்போது நான் நினைத்ததில்லை. பெண்களின் பெயர் வராது. அதற்காக அவர்கள் கலியாணத்துக்கு வராமலா போனார்கள்? பெயர் உள்ளவர் பந்தலில் இருப்பார். பெயர் இல்லாதவர் குசினியில் நின்று கலியாணத்தையே நடத்துவார். பெயர் வேறு, ஆள் வேறு. இதுதான் எனக்குத் தெரிந்த உலகம்.

இந்த உலகத்துக்குள் ஒரு புதன்கிழமை பின்னேரம் டாக்டர் வந்தார்.

அவர் மனநோய் வைத்தியர், யாழ்ப்பாணத்துக்காரர். மட்டக்களப்பிலிருந்து புதன்கிழமைகளில் மட்டும் வந்து எங்கள் ஊரில் கிளினிக் நடத்துவார். கையில் ஒரு கட்டுத் தாளோடு வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். கொழும்பில் மனநோய் வைத்தியர்களின் மாநாடாம். அதில் ஒரு சிம்போசியம் நடத்த இடம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டுமாம். அந்தச் சொல்லை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

“ஒரு விஷயத்தை நாலு பேர் நாலு பக்கத்தில நிண்டு கதைக்கிறது தம்பி,” என்று எனக்கு விளங்கப்படுத்தினார். “ஆளுக்குப் பத்து நிமிஷம். நாங்கள் எழுதி அனுப்பினால் ஒரு குழு வாசிச்சுப் பாக்கும். பிடிச்சால் இடம் தருவினம்.”

விஷயம், ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முதல் ஒரு மனநோயாளி வீட்டில் எப்படி இருக்கிறான் என்பது. பேசுகிற நாலு பேரில் முதலாமவர் டாக்டர். இரண்டாமவர் கிளினிக்கில் வேலை செய்த பாண்டிருப்பு நேர்ஸ். மூன்றாமவர் ஒரு மௌலவி. அவரிடம் ஓதிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஓதிவிட்டு, “புதன்கிழமை டாக்டரையும் காட்டுங்க” என்று அனுப்புகிற நல்ல மனிதர். நாலாவது, சுலைகா ராத்தா. (எங்களுக்கு ராத்தா என்றால் அக்கா.) கிளினிக்குக்கு மகனைக் கூட்டிவரும் ஒரு தாய். அவ தமிழில் பேசுவா, டாக்டர் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பார்.

“இதுக்கு முதல் ஒரு தாய் வந்து அந்தச் சபையில கதைச்சதில்லைத் தம்பி. மற்ற மூண்டு பேரும் சும்மா. இவதான் சிம்போசியம்,” என்றார் டாக்டர்.

நாலு பெயரையும் போட ஒரு படிவம், அதோடு ஆளுக்கொரு தாள். பெயர், பேசப் போவது பத்து வரியில், ஒப்பம். ஆறு பிரதி. வெள்ளிக்கிழமைத் தபாலில் போனால்தான் நேரத்துக்குக் கிடைக்கும். ஒப்பமிட வேண்டியவர்கள் எல்லாம் கல்முனையில், டாக்டருக்கு மட்டக்களப்பில் வேலை. ஆகவே தன் ஒப்பத்தை வைத்து, கையால் எழுதிய ஒரு கடிதத்தையும் உறைக்குள் வைத்து, மிச்சத்தை என் தலையில் கட்டினார். எழும்பும்போது, “இருக்கிறபடியே அடியுங்கோ. ஒண்டும் சேர்க்க வேண்டாம், ஒண்டும் எடுக்க வேண்டாம்,” என்றார்.

நான் தலையாட்டினேன். (ஒன்றும் சேர்க்க வேண்டாம் என்று ஒரு பெரிய மனிதர் சொன்னால் அதன் அர்த்தம் என்னவென்று எனக்கா தெரியாது?)

வியாழக்கிழமை காலையில் சுலைகா ராத்தா வீட்டுக்குப் போனேன். நெசவுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தா. அவவின் தாளில் டாக்டர் ஆங்கிலத்துக்குக் கீழே தமிழிலும் எழுதியிருந்தார். வாசித்துக் காட்டினேன். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

“நான் என் மகனை இரண்டு வருடம் அறைக்குள் கட்டி வைத்திருந்தேன். எங்களுக்கு வேறு வழி தெரியாது. இப்போது அவன் மாதம் ஓர் ஊசியோடு நாவிதன்வெளிக்கு வயல் வேலைக்குப் போய் வருகிறான். சில புதன்கிழமைகளில் ஊசி முடிந்துவிட்டது என்கிறார்கள். ஊசி இல்லாத புதன்கிழமை நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறேன்.”

“கட்டி வெச்சத்தச் சொல்லத்தான் வேணுமா ராத்தா?” என்றேன்.

“அதச் சொல்லாட்டி மத்தத்த ஆரு தம்பி நம்புவாங்க?”

கைநாட்டு வைத்தாலும் போதும் என்று மைப் பெட்டியை எடுத்தேன். அவ கையைப் பின்னால் இழுத்துக்கொண்டா. “கைநாட்டு வெச்சா, எழுதத் தெரியாதவட கதையென்டு தூக்கிப் போட்டுருவாங்க. எனக்கு ஓதப் பள்ளில படிச்ச அரபு எழுத்துத் தெரியும். ஆனா அரபில வெச்சா அல்லாஹ்வுக்குத்தான் விளங்கும். டாக்டர்மாருக்கு விளங்கணுமே. தமிழில எப்பிடியென்டு காட்டித் தா.”

(கொழும்பு டாக்டர்களில் எத்தனை பேருக்குத் தமிழ் விளங்கும் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.) சிமெந்துப் பையின் உட்பக்கத்தில் ‘சுலைகா’ என்று எழுதிக் கொடுத்தேன். இருபது முப்பது முறை எழுதிப் பார்த்தா. ‘லை’யில் வந்து நிற்பா, பெருமூச்சு விடுவா, திரும்பத் தொடங்குவா. நடுப்பகல் ளுஹர் பாங்கு சொல்லும் நேரத்துக்கு ஒப்பம் விழுந்தது. கோட்டுக்கு மேலே தொடங்கி, கோட்டுக்குக் கீழே இறங்கி, தாளின் ஓரத்தில் போய் முடிந்தது.

“வடிவா இரிக்கா?” என்று கேட்டா.

“ஓம் ராத்தா.”

இத்தோடு நான் கடைக்கு வந்து, இருந்ததை இருந்தபடி அடித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. கடையில் முதலாளி டாக்டரின் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“என்னடாப்பா இது, கிராஅத் இல்ல?”

“இல்ல முதலாளி.”

“முன்னிலை?”

“இல்ல.”

“நன்றியுரையுமா இல்ல? கொழும்பில போய் நாலு பேர் கதைச்சுப் போட்டு, ஒருத்தருக்கும் நன்றி சொல்லாம எழும்பி வாறதா? கல்முனையானுக்கு மரியாத தெரியாதென்டு சொல்ல மாட்டாங்களா?”

எனக்கும் அந்த உறுத்தல் இருந்தது. பாவம், டாக்டர் வேலைக்காரர். நோயாளிகளின் யோசனையில் முக்கியமானவற்றை மறந்துவிட்டார். அவரை வெட்கப்பட விடக்கூடாது என்று நினைத்தேன். அவர்மேல் எனக்கு அவ்வளவு மதிப்பு. அந்த மதிப்பில்தான் அவரைக் கவிழ்த்தேன்.

கிராஅத்துக்கு மௌலவியின் தம்பியைப் போட்டேன். கிராஅத் இருந்தால் தேவாரமும் இருக்க வேண்டும், டாக்டர் என்ன நினைப்பார் என்று, பாண்டிருப்பில் தேவாரம் பாடுகிற ஓர் ஆசிரியரைச் சேர்த்தேன். வரவேற்புரை பள்ளிக்கூட அதிபர். நன்றியுரை முதலாளி. (அவர், “என்ட பேரப் போட வேணாம்” என்றார். பெரிய எழுத்தில் போட்டேன்.) இதற்கிடையில் முதலாளி தேத்தண்ணிக் கடைக்குப் போய் வந்தார். கொழும்பில் கூட்டம், நோட்டீஸ் நம்ம கடையில் தயாராகிறது என்று சொல்லிவிட்டார் போலிருக்கிறது. பின்னேர அசர்த் தொழுகைக்குப் பிறகு கடை வாசலில் செருப்புகள் கூடத் தொடங்கின.

நான் பேசத் தெரியாதவன் என்று சொன்னேன். பேசத் தெரியாதவனுக்கு முதலில் தெரியாமல் போவது ‘ஏலாது’ என்ற சொல். வந்தவர்களில் ஒருவர் விசேட அதிதியானார். நாலு பேர் முன்னிலையில் ஏறினார்கள். அதில் ஒருவர், கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர், “முன்வரிசையில ஓரத்தில போடாம நடுவில போடுங்க தம்பி” என்று கேட்டுக்கொண்டார். முன்னிலைக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. முன்னால் இருப்பவர்கள் என்று பொருள் வருகிற மாதிரி ஏதோ அடித்தேன். படிவத்தில் நாலு பெயருக்குத்தான் இடம். ஆகவே ஒரு தாளை ஒட்டி நீட்டினேன்.

ஒப்பம் வைக்க வந்த நேர்ஸ், தொங்குகிற தாளைத் தூக்கிப் பார்த்தா. “தம்பி, இது சிம்போசியமா, சிரமதானமா?”

“சிம்போசியந்தான் மிஸ்.”

“டாக்டரிட்டக் கேட்டீங்களா?”

“கேக்கத் தேவல்ல மிஸ். அவரு மறந்துட்டாரு.”

நேர்ஸ் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தா. புதன்கிழமைகளில் நோயாளிகளைப் பார்க்கிற பார்வை அது என்று இப்போது நினைக்கிறேன்.

இதுவரைதான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்த பாதி. மற்றது வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. அப்போது எல்லாம் அடித்து முடித்துவிட்டேன். ஜும்ஆவுக்கு முதல் தபால் கந்தோருக்குப் போகவேண்டும். உறையை ஒட்டப் போகும் நேரத்தில் சுலைகா ராத்தாவின் காக்கா, அதாவது அண்ணன், உள்ளே வந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்காராக இருந்தவர். உயர்ந்த ஆள், உயர்ந்த குரல். அன்று குரல் மட்டும் தாழ்ந்திருந்தது.

“எங்கட தங்கச்சிட பேரும் இதில போகுதாமே.”

“ஓம் மரைக்கார்.”

“என்னென்டு?”

நான் தாளைக் கொடுத்தேன். தமிழ்ப் பகுதியை வாசித்தார். தாளை மேசையில் வைத்து அதன்மேல் கையை வைத்தார்.

“எனக்கு ரெண்டு பொம்புளப் புள்ளைகள் இரிக்கி. மூத்தவக்குக் கலியாணம் பேசிட்டு வாறம். கட்டி வெச்ச கதையக் கொழும்பில போய்ச் சொன்னா நாளைக்கு எங்கட வாசல ஆரு மிதிப்பாங்க? எங்கட குடும்பத்தில பொம்புளைட பேரு நோட்டீசில வந்ததில்ல. என்ட பேரப் போடு. நான் போய்க் கதைக்கன்.”

“நீங்க என்ன கதைப்பீங்க மரைக்கார்?”

“குடும்பத்தின் கடமை என்டு போடு. அது போதும்.”

அவர் கெட்ட மனிதர் அல்ல. அந்த இரண்டு வருடமும் சுலைகா ராத்தாவின் வீட்டுக்கு அரிசி கொடுத்தவர் அவர்தான். டாக்டரிடம் கேட்கவேண்டும் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். வாயிலிருந்து, “சரி மரைக்கார்” என்று வந்தது. புதுத் தாள் ஏற்றி அவர் பெயரை அடித்தேன். ஒப்பம் வைத்தார், அழகான ஒப்பம், கோட்டை விட்டு ஒரு நூல் விலகவில்லை. சுலைகா ராத்தாவின் தாளை என் மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், அப்போது எனக்குக் குற்ற உணர்வு இருக்கவில்லை. பெயர் வேறு, ஆள் வேறு. கலியாணக் காட்டில் மாமாவின் பெயர் போகும், கலியாணத்தை உம்மா நடத்துவா. கொழும்பிலும் அப்படித்தான் இருக்கும், மரைக்கார் முன்னால் இருப்பார், ராத்தா எழும்பிக் கதைப்பா என்று முழுமனதாக நம்பினேன். ரெஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டு ஜும்ஆவுக்கு ஓடினேன். டாக்டருக்கு நல்லது செய்த ஆறுதலோடு தொழுதேன்.

அடுத்தடுத்த புதன்கிழமைகளில் டாக்டர் வாசலில் நின்றே, “போட்டாச்சா தம்பி?” என்று கேட்பார். “போட்டாச்சு சேர்” என்பேன். போய்விடுவார். பதில் வர ஆறேழு கிழமை எடுத்தது. அதற்குள் அதிபர் வரவேற்புரையை மனப்பாடம் செய்துவிட்டார். வண்ணக்கர் புது வேட்டி எடுத்தார். கொழும்பில் கதிரைகளுக்குக் குஷன் இருக்குமா என்று ஒருவர் என்னிடம் வந்து விசாரித்தார்.

பிறகு ஒரு புதன்கிழமை டாக்டர் ஒரு கடிதத்தோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். நாங்கள் அனுப்பியதையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஒட்டிய தாளை விரித்தார். அது மேசையைத் தாண்டி அவர் மடியில் விழுந்தது. வாசித்தார். தோள் குலுங்கியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

“தம்பி, இதென்ன, திருவிழாவோ? பதின்மூண்டு பேர்! முன்னுக்கு இருக்கிறதுக்கு நாலு பேர்!”

அவர் சிரித்ததைப் பார்த்து எனக்கும் உயிர் வந்தது. நானும் சிரித்தேன். முதலாளியும் சிரித்தார். டாக்டர் தாள்களைப் புரட்டினார். ஒருமுறை புரட்டி முடித்து, திரும்பப் புரட்டினார்.

“சுலைகாவின்ர தாள் எங்கை?”

நான் லாச்சியைத் திறந்தேன்.

அவர் அதைத் தொடவில்லை. கடிதத்தை எடுத்து எனக்குத் தமிழில் சொன்னார். நாலு பேருக்கு மேல் ஏற்பதில்லை, ஆனாலும் ஆட்களைக் குறைக்கச் சொல்லி இடம் தர யோசித்தார்களாம். காரணம், டாக்டர் தன் கையால் எழுதிய கடிதத்தில் ஒரு தாய் வந்து பேசுவா என்று இருந்ததாம். பட்டியலில் தாய் என்று யாரும் இல்லாததால் வருந்துகிறார்களாம்.

“இனி அனுப்ப ஏலாதா சேர்?”

“நாள் முடிஞ்சுது.” எழும்பினார். அதுவரை என்னை ‘நீங்கள்’ என்றுதான் சொல்லிவந்தார். “நீர்தான் போய் அவவுக்குச் சொல்லவேணும்,” என்றார்.

அன்று பின்னேரம் போனேன். அவவின் ஒழுங்கையை மூன்று முறை சைக்கிளில் கடந்தேன். நாலாவது முறை அவவே வாசலில் நின்று கூப்பிட்டா.

“என்ன தம்பி, வீடு மறந்து போச்சா? எப்ப போற?”

சுவரில் ஒரு பயணப் பை கொழுவியிருந்தது. ஆரிடமோ இரவல் வாங்கியது. நான் நின்றபடியே சொன்னேன். சொன்னேன் என்றால், நாலு வரியைச் சொல்ல நாப்பது முறை நிறுத்தினேன். காக்காவின் பெயர் போட்டதையும் சொன்னேன். அவ நூலைக் கையிலிருந்து விடவில்லை.

“அப்ப காக்கா போறாரா?”

“இல்ல ராத்தா. ஒருத்தரும் போறல்ல.”

“அவரு வந்து கேட்டாரு சரி. நீ ஏன் என்னிட்ட ஒரு சொல்லுக் கேக்கல்ல?”

நான் சுவரில் கொழுவியிருந்த பையைப் பார்த்தேன். அவ நூலைக் கீழே வைத்தா.

“நான் ஒப்பம் வெச்ச கடதாசி இரிக்கா?”

“இரிக்கி.”

“அதக் கொண்டாந்து தா.”

அவ பேசியிருந்தால் ஊசி தவறாமல் வந்திருக்கும் என்று சொல்ல எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் டாக்டருக்கு இடமாற்றம் வந்தது. கிளினிக் மாதத்துக்கு ஒன்றானது, பிறகு சண்டை வந்து பாதைகள் கெட்டன, அதுவும் நின்றது. ஊசி இல்லாத புதன்கிழமைகள் நிறைய வந்தன. அவவின் மகன் ரஹீம் இரண்டு தரம் திரும்ப நோயில் விழுந்தான் என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. வெட்கம்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஒரு படிவத்தை நிரப்ப நான் மேசையில் இருந்தால், அது அடையாள அட்டைப் படிவமாக இருந்தாலும், மனைவி குசினியிலிருந்து, “முன்னிலை யாரு?” என்று கேட்பாள். பிள்ளைகள், “கிராஅத் யாரு வாப்பா?” என்பார்கள். மருமகன்மாருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அந்தப் பதின்மூன்று பேரை அவர்களுக்குத் தெரியும். பதினாலாவது ஆளை நான் சொன்னதில்லை.

ராத்தா அந்தத் தாளைக் கேட்டதற்கு அடுத்த நாள் வியாழக்கிழமை. காலையில் அதைக் கொண்டுபோனேன். ராத்தா வீட்டில் இல்லை. ரஹீம் வயலுக்குப் போக மண்வெட்டியோடு வெளிக்கிட்டு நின்றான். தாளை வாங்கி ஒப்பத்தைப் பார்த்தான். “எங்கட உம்மாட எழுத்தா?” என்று கேட்டான். ஓம் என்றேன். கடைக்கு வந்தேன். ஒரு கலியாணக் காட் கோக்கக் கிடந்தது. அதில் பெண்களின் பெயர் இல்லை. தந்த பெயர்களைக் கோத்தேன்.